பேஸ்ட்டை மாற்றினால் லேப்டாப்பின் சூடு தணியுமா?

கேள்வி: மூன்றரை ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் கேமிங் லேப்டாப்பில் இன்டெல் கோர் ஐ7-10750எச் பிராசஸர் உள்ளது. அண்மைக் காலமாக எந்த விளையாட்டைத் திறந்தாலும் சில நொடிகளிலேயே வெப்பநிலை 97, 98 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. காட்சிகளும் திக்கித் திக்கி ஓடுகின்றன. தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர்; போடுவதுதான் போடுகிறாய், லிக்விட் மெட்டலாகவே போட்டுவிடு என்கிறார் இன்னொருவர். எதைப் போடுவது? நானே செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 'சில நொடிகளிலேயே' என்று எழுதியிருக்கிறீர்களே, நோயைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சொல்தான். ஃபேனிலும் அதன் வெளிவாய்த் தகடுகளிலும் தூசி அடைத்திருந்தால், செம்புக் குழாய்கள் மெல்ல மெல்லச் சூடேறி, ஐந்து பத்து நிமிடங்களுக்குப் பிறகே வெப்பநிலை உச்சிக்குப் போகும். விளையாட்டை மூடினாலும் மெதுவாகவே இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் நொடிகளில் நடந்தால், பிராசஸரில் பிறக்கும் வெப்பம், அதை வாங்கி வெளியேற்றும் செம்புத் தகடும் குழாய்களும் சேர்ந்த ஹீட் சிங்கைச் சென்று சேரவே இல்லை என்று பொருள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில், பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான ஆறு கோர்களின் வெப்பநிலையையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 15 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்து, பிராசஸர் 98 டிகிரியில் கொதிக்கும்போதும் ஃபேன் தள்ளும் காற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால், பேஸ்ட்டைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

பேஸ்ட்டின் வேலை சுவருக்குப் பட்டி பார்ப்பதைப் போன்றது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் சிலிக்கான் சில்லிலும் செம்புத் தகட்டிலும் நுண்ணிய பள்ளங்கள் உள்ளன; அவற்றில் தங்கும் காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் மட்டுமே, செம்புக்கோ ஏறக்குறைய 400. அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதற்குத்தான் பேஸ்ட். ஆகவே தேவைக்கு மேல் தடிமனாகப் பூசினால் அதுவே தடையாகிவிடும்.

டப்பாவில் 8, 12, 14 என்று அச்சிட்டிருக்கும் கடத்துதிறன் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. மேசைக் கணினியின் பிராசஸருக்கு உலோக மூடி உண்டு. லேப்டாப்பில் அது கிடையாது, நகத்தளவு சில்லின் மேலேயே செம்புத் தகடு நேராக அமர்கிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், இளகலான பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிடுகிறது. முதல் வாரம் அருமையாக இருந்த லேப்டாப் மூன்றே மாதங்களில் பழைய குணத்துக்குத் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே கெட்டியான பேஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடவும் நல்லது, பேஸ்ட்டுக்குப் பதிலாக வைக்கும், ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிப் பரவும் தன்மையுள்ள ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 தாள். இதற்குப் போலிகள் நிறைய உலவுகின்றன என்பதால் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லிக்விட் மெட்டல் வேண்டாம் என்பதே என் கருத்து. காலியம் கலந்த அந்த உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் ஒரு துளி மதர்போர்டில் சிதறினாலே மொத்தமும் போய்விடக்கூடும். சில லேப்டாப்கள் ஆலையிலிருந்தே அதனுடன் வருவது உண்மைதான். ஆனால் அவற்றில் கசிவைத் தடுக்கும் ஏற்பாடும் உண்டு.

சிறிய திருகுகளைக் கையாண்டு பழக்கமிருந்தால் நீங்களே செய்யலாம். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஹீட் சிங்கின் திருகுகளுக்கு அருகே பொதுவாக எண்கள் பொறித்திருக்கும். கழற்றும்போது இறங்கு வரிசையிலும் பூட்டும்போது ஏறு வரிசையிலும், ஒரே மூச்சில் முறுக்காமல் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். கிராஃபிக்ஸ் சில்லையும் அதே ஹீட் சிங்க் மூடியிருந்தால் அதற்கும் புதுப் பேஸ்ட் வேண்டும். சுற்றியுள்ள நினைவகச் சில்லுகளின் மேல் இருக்கும், வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேட் கிழியாமல் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் ஹீட் சிங்க் தூக்கி நின்று, பிராசஸரின் மேல் சரியாக அமராது. திறந்த கையோடு ஃபேனையும் சுத்தம் செய்யுங்கள். காற்றடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்த பின்னும் வெப்பநிலை 90 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். உங்கள் பிராசஸரின் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 5. வெப்பத்துக்கு வழி கிடைத்தால் அது கூடுதல் வேகத்தில் ஓடி, அந்த இடைவெளியைத் தானே தின்றுவிடும். ஆகவே வெப்பநிலையோடு வேகத்தையும் வாட் அளவையும் முன்னும் பின்னும் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒப்பீட்டை ஒரே பருவத்தில் செய்யுங்கள். அறையின் சூடு பத்து டிகிரி கூடினால் பிராசஸரின் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும் என்பதால், மதுரையின் மே மாதத்து அளவை டிசம்பரோடு வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

கேள்வி: உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. லேப்டாப்பைத் திறக்காமலே சூட்டைக் குறைக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஓரளவு முடியும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக மாற்றினால், அடிப்படை வேகத்தைத் தாண்டி பிராசஸர் ஓடும் டர்போ நின்றுவிடும், வெப்பநிலை சட்டென்று இறங்கும். விளையாட்டின் வேகமும் சற்றுக் குறையும். அதற்கு முன், ஒரு நொடியில் திரையில் ஓடும் படங்களின் (பிரேம்) எண்ணிக்கையைத் திரையின் திறனுக்கு ஏற்ப 60 அல்லது 120க்குள் கட்டுப்படுத்தி, லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்துப் பாருங்கள். மெத்தை மேல் வைத்து விளையாடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள்.