வீடு, வயல், காடு: ஒன்ராறியோவில் நூறு ஏக்கர் வாங்க நினைக்கும் ஒருவருக்கு

அன்புள்ள தம்பி,

கடந்த ஆண்டு நிரந்தர வதிவுரிமையுடன் கனடாவுக்கு வந்து பிராம்ப்டனில் குடியிருக்கும் நீங்கள், கிரே கவுண்டியில் விற்பனைக்கு வந்துள்ள நூறு ஏக்கர் காணி ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பழைய செங்கல் வீடு, அறுபது ஏக்கர் உழுநிலம், மீதி காடும் சதுப்பும், மான் வேட்டைக்கென அமைத்த இரண்டு பரண்கள், விலை ஒன்பது இலட்சம் டொலர். உங்கள் சகோதரரோடு சேர்ந்து வாங்கிப் பிறகு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா, சொந்தக் காணியில் வேட்டையாட அனுமதி வேண்டுமா, வங்கி கடன் தருமா, நிலத்திலிருந்து வருமானம் வருமா என்பவை உங்கள் கேள்விகள். அந்த வட்டாரத்தில் நீண்ட காலமாகக் காணி வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விளம்பரம் ஒரே விலைக்கு ஒரே பொருளைக் காட்டுகிறது. வங்கியும் வரித் திணைக்களமும் உள்ளூராட்சி சபையும் அதை வீடு, விளைநிலம், காடு என மூன்றாகப் பிரித்தே பார்க்கும். வேட்டை இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கும் தனி விடயம். அது காணி உறுதியோடு சேர்ந்து வருவதில்லை. ஆகையால் வேட்டையை விலையில் சேர்க்காமல், வீடும் நிலமும் மட்டும் அந்த விலைக்குப் பெறுமா என்று கணக்குப் பாருங்கள் என்பதே என் அடிப்படையான அறிவுரை.

உங்கள் திட்டத்தையே மாற்றக்கூடியது என்பதால், பிரிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் தகப்பன் தன் காணியைப் பரப்புக் கணக்கில் பிள்ளைகளுக்குப் பிரித்து, நொத்தாரிசிடம் உறுதி முடித்துக் கொடுத்துவிடுவார். இங்கே அது நடவாது. ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒருவர் தன் காணியில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு அதை ஒட்டிய மறு பகுதியை மட்டும் கைமாற்றுவதற்கு முன்கூட்டியே திட்டமிடல் அதிகாரிகளின் இணக்கம் பெற வேண்டும். பெறாமல் எழுதிய கைமாற்றம் எந்த உரிமையையும் தராது. முதன்மை விவசாய வலயங்களில் புதிய வீட்டு மனை பிரிக்க மாகாணக் கொள்கை இடம் கொடுப்பதில்லை. பண்ணைகள் ஒன்றிணைக்கப்படும்போது மிகையாகிவிடும் வீட்டைத் தனியே பிரிப்பது ஒரு விதிவிலக்கு; அது உங்களுக்குப் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டில் அரச நில அளவையாளர்கள் கொன்செஷன் வீதிகளை வரைந்து வெட்டிய நூறு ஏக்கர் துண்டுகள் பல இன்றும் நூறு ஏக்கராகவே இருப்பதற்கு இந்தச் சட்டங்களும் ஒரு காரணம்.

எனவே நீங்கள் இருவரும் வாங்குவதானால் பிரிக்கப்படாத அரைப் பங்கு உரிமையாளர்களாக, அதாவது இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும் வகையில், பெயரைப் பதியலாம். அதோடு ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் என்ன விலைக்கு எடுப்பது, திருத்தச் செலவை யார் கொடுப்பது, வீட்டில் யார் குடியிருப்பது என்பவற்றைச் சட்டத்தரணி மூலம் எழுத்தில் வையுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று உறவினர் கேட்பார்கள். ஊரில் எல்லை வேலிக்காகப் பேசாமல் போன அண்ணன் தம்பிகளை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

இனி வேட்டை. சொந்தக் காணியில் நிற்கும் மானும் உங்களுடையதல்ல. அதைச் சுட மாகாணத்தின் அனுமதி வேண்டும். அதற்கு வேட்டைக் கல்விப் பயிற்சியில் தேறி, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டையைப் பெற்று, அதன்மேல் மானுக்கோ காட்டு வான்கோழிக்கோ உரிய அனுமதிப்பத்திரமும் இலக்கச் சீட்டும் வாங்க வேண்டும். துவக்குக்கு உரியது மத்திய அரசின் சட்டம். கனடியத் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிய பின் பி.ஏ.எல். எனப்படும் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, மனைவியின் கையொப்பமும் கேட்பார்கள். துவக்கு வீட்டில் குண்டு நீக்கிப் பூட்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். பண்ணை வீட்டுச் சுவரில் துவக்கைத் தொங்கவிடும் காட்சி பழைய படங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எப்போது, எதைக் கொண்டு சுடலாம் என்பது உங்கள் காணி எந்த வனவிலங்கு மேலாண்மைப் பிரிவில், அதாவது வேட்டைக்காக மாகாணம் வகுத்த எந்த நிலப்பகுதியில், இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தென் ஒன்ராறியோவில் துவக்கால் மான் வேட்டையாடும் காலம் பெரும்பாலும் நவம்பரில் சில நாட்களே. வில்லுக்கு அதைவிட நீண்ட காலம் உண்டு. சில பிரிவுகளின் கட்டுப்படுத்தப்பட்ட வேட்டையில் றைபிளைப் பயன்படுத்தவே முடியாது. ஷொட்கன், கருமருந்துத் துவக்கு, வில் ஆகியவை மட்டுமே. பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே, அதாவது தென் ஒன்ராறியோவில், உள்ளூராட்சி சபை தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்ட இடங்களில் மட்டுமே ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டைக்கு இடமுண்டு. வார இறுதியில் மட்டும் போய்வர நினைக்கும் உங்களுக்கு இது இரண்டு நாளில் ஒன்றை எடுத்துவிடக்கூடியது. முகவரிடம் கேளாமல் சபை அலுவலகத்திலேயே கேளுங்கள். துவக்குச் சுடுவதையே சில இடங்களில் தடுக்கும் உள்ளூர்ச் சட்டம் உண்டா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.

வன்னியில் இரவு முழுவதும் பரணில் இருந்து பன்றிக்குக் காவல் காத்த அப்பாவின் அனுபவத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பழக்கம் இங்கே இரண்டு இடங்களில் சட்டத்தோடு மோதும். மான் வேட்டைக்கு உரிய நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணிநேரம் முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணிநேரம் பின்பு வரை மட்டுமே. இரவில் விளக்கடித்து மான் சுடுவது குற்றம். காட்டுப் பன்றியைப் பொறுத்தவரை, 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அதை வேட்டையாடுவதே தடை செய்யப்பட்டுள்ளது, ஏனெனில் சுட்டால் கூட்டம் கலைந்து புதிய இடங்களுக்குப் பரவுகிறது. கண்டால் அறிவிக்கும்படி மாகாணம் கேட்கிறது. வேட்டை மான் இறைச்சியை உறவினருக்குக் கொடுக்கலாம், விற்க முடியாது. ஸ்காபரோவில் நம்மவர் மத்தியில் அதைக் கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் உள்ள இரண்டு பரண்களும் யாருடையவை என்று கேளுங்கள். பக்கத்துக் காணிக்காரரோ ஒரு வேட்டைக் குழுவோ பழைய உரிமையாளரின் வாய்மொழி அனுமதியில் ஆண்டுதோறும் வந்து வேட்டையாடும் வழக்கம் அப்பகுதியில் சாதாரணம். நீங்கள் வாங்கிய பின் அந்த அனுமதியைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். நிறுத்துவதானால் எல்லையோரம் சிவப்பு வட்டங்களைத் தீட்டினால் அத்துமீறல் சட்டத்தின்படி உட்புகத் தடை என்று பொருள். மஞ்சள் வட்டம் குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் இடம் தருவது. ஆனால் முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட வேண்டாம். பனிப்புயலில் உங்கள் காரை இழுத்து எடுக்க உழவு இயந்திரத்தோடு வரப்போகிறவர் அந்தப் பக்கத்துக் காணிக்காரராகவே இருக்கலாம்.

விளைநிலத்துக்கு வருகிறேன். அறுபது ஏக்கரையும் நீங்களே உழப்போவதில்லை. இப்போதும் அதை ஒரு விவசாயி குத்தகைக்கு எடுத்துச் சோளம், சோயா, கோதுமை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கக்கூடும். குத்தகை எழுத்தில் உண்டா, எப்போது முடிகிறது, நிற்கும் பயிர் யாருக்கு என்பவை ஒப்பந்தத்தில் வர வேண்டும். குத்தகையைத் தொடர்வதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. ஆண்டுக்கு 7,000 டொலருக்குக் குறையாத மொத்த வருமானமுள்ள, பதிவு பெற்ற பண்ணைத் தொழிலில் நிலம் பயன்பட்டால், அதன் சொத்து வரி வீட்டு வரி விகிதத்தின் 25 வீதத்துக்கு மேற்படாது. அந்தப் பதிவு குத்தகைக்காரரின் பெயரில் இருந்தாலும் போதும். வீட்டுக்கும் அதனைச் சூழ்ந்த ஒரு ஏக்கருக்கும் வழமையான வீட்டு வரியே. காட்டுப் பகுதி நான்கு ஹெக்டேயருக்கு மேல் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் அதையும் 25 வீத விகிதத்துக்குக் கொண்டுவரலாம்.

குத்தகைப் பணம் கடன் தவணையைக் கட்டாது. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். நிலத்தின் தரத்தைக் கனடா நில இருப்புப் பட்டியலின் வகுப்பில் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வரையானவையே முதன்மை நிலம். நிலத்தடி வடிகால் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளனவா என்பதும் குத்தகை விலையை மிகவும் மாற்றும்.

ஆடு, கோழி வளர்க்கும் எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. ஆட்டிறைச்சிக்கு நம்மவர் மத்தியில் தேவை குறைவதில்லை. ஆனால் பண்ணையில் வெட்டிய ஆட்டை உங்கள் குடும்பம் உண்ணலாமே தவிர விற்க முடியாது. விற்பதற்கு உரிமம் பெற்ற இறைச்சிக் கூடத்தில் வெட்டுவிக்க வேண்டும். முட்டைக் கோழி 99 வரை கோட்டா எனப்படும் உற்பத்தி ஒதுக்கீடு இல்லாமல் வளர்க்கலாம். இறைச்சிக் கோழிக்கும் சிறு அளவில், பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கு 300 வரை இடமுண்டு. கொயோட்டி என்ற காட்டு நாய் இனம் அப்பகுதியில் தாராளம். காவல் நாயும் மின்வேலியும் இல்லாமல் ஆடு வாங்குவது அவற்றுக்கு விருந்து வைப்பதாகும்.

பணத்தைப் பற்றி. நீங்கள் நிரந்தர வதிவாளர் என்பதால் வெளிநாட்டவருக்கான 25 வீத மாகாண வரியும், வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான மத்திய அரசின் தடையும் உங்களைத் தொடாது. காணி கைமாற்று வரி ஒன்பது இலட்சத்துக்கு 14,475 டொலர் வரும். முதல் வீடு வாங்குவோருக்கான 4,000 டொலர் வரையான கழிவு, ஒன்பது மாதத்துக்குள் அதில் குடியேறினால்தான் கிடைக்கும். வார இறுதி வீடாக வாங்கினால் இல்லை. இதைவிடப் பெரிய பொறி எச்.எஸ்.டி. எனப்படும் 13 வீத விற்பனை வரி. வீட்டுக்கும் அதனைச் சுற்றிய அரை ஹெக்டேயர் அளவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. தொழிலாகப் பண்ணை செய்யப்பட்ட மீதி நிலத்துக்கு வரி விதிக்கப்படலாம். அந்த வரி விலைக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா என்பதை ஓஃபர் எனப்படும் கொள்வனவு விலைமனுவை எழுதும் முன்னரே கணக்காளரும் சட்டத்தரணியும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

வழக்கமான வங்கிகள் பல வீட்டையும் சுற்றியுள்ள ஐந்து அல்லது பத்து ஏக்கரையும் மட்டுமே மதிப்பிட்டுக் கடன் தரும். மீதித் தொண்ணூறு ஏக்கரின் விலையை நீங்கள் கைப்பணமாக வைக்க வேண்டிவரும். ஃபார்ம் கிரெடிட் கனடா என்ற அரச நிறுவனம் முழு நிலத்தையும் பார்க்கும். ஆனால் பண்ணைத் திட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும். ஆகவே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போவதிலும், வங்கிக்குப் போய்வந்து விளம்பரம் பார்ப்பது நல்லது.

வீட்டில் பார்க்க வேண்டியவை நகரத்து வீட்டில் பார்ப்பவையல்ல. கிணறு தோண்டியதா, துளையிட்டதா, ஒரு மணிநேரம் இடைவிடாமல் இறைத்தால் நீர் நிற்குமா? கிருமிப் பரிசோதனையைப் பொதுச் சுகாதாரப் பிரிவு மூலம் இலவசமாகச் செய்விக்கலாம். நைத்திரேற்று அதில் அடங்காது, தனி ஆய்வுகூடத்தில் பாருங்கள். செப்ரிக் எனப்படும் கழிவுநீர்த் தொட்டியின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, தொட்டியைத் திறந்து பார்ப்பிக்க வேண்டும். விறகடுப்பு இருந்தால் காப்புறுதி நிறுவனம் அடுப்பின் பாதுகாப்புக்கான வெட் (WETT) சான்று கேட்கும். தீயணைப்பு நிலையத்தின் தூரத்தையும் எண்ணெய்த் தாங்கியின் வயதையும் கேட்கும். காப்புறுதி கிடைக்காத வீட்டுக்கு வங்கியும் கடன் தராது.

வீதியையும் கேளுங்கள். பருவகால வீதி என்று சபை வகைப்படுத்தியிருந்தால் மாரியில் பனி அள்ள யாரும் வரமாட்டார்கள். நெடுஞ்சாலை 10 வழியே பிராம்ப்டனிலிருந்து நேராகப் போய்விடலாம் என்றாலும், ஹூரோன் ஏரியிலிருந்தும் ஜோர்ஜியன் குடாவிலிருந்தும் வரும் பனிப்பொழிவில் அந்த வீதி மூடப்படும் நாட்கள் உண்டு. கிழமை நாட்களில் பிராம்ப்டனில் வேலை செய்துகொண்டு அங்கே குடியிருப்பது உங்கள் தற்போதைய வேலை நேரத்துக்கு ஒத்துவராது என்பது என் கருத்து.

சதுப்பும் நயாகரா மலைச்சரிவும் உள்ள கவுண்டி என்பதால், அந்த நாற்பது ஏக்கரில் ஒரு சிறு குடில் போடுவதற்கும் நீரேந்துப் பகுதியைக் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதியோ, மலைச்சரிவு ஆணைக்குழுவின் அனுமதியோ வேண்டியிருக்கலாம். வரைபடத்தில் சதுப்பு எங்கே முடிகிறது என்பதை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வேலியை எல்லை என்று நம்பவும் வேண்டாம். அளவை வரைபடம் இல்லையென்றால் அதற்கான செலவை விலைப் பேச்சில் சேருங்கள்.

இயலுமானால் பனி உருகும் ஏப்ரலில் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த மூலையில் நீர் தேங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். பக்கத்துப் பண்ணைகளில் எரு பரப்பத் தொடங்கியிருந்தால் அதன் மணமும் தெரிந்துவிடும். அந்த மணத்துக்காக யார்மீதும் வழக்குப் போட முடியாது. வழமையான பண்ணை நடைமுறைகளை 1998ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. ஓஃபரில் கடன், காப்புறுதி, கிணறு, செப்ரிக், நில வலய வகைப்பாடு, குத்தகை, எச்.எஸ்.டி. ஆகிய ஏழு விடயங்களையும் நிபந்தனைகளாக எழுதுவியுங்கள். நிபந்தனையே வேண்டாம், வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று விற்பவரின் முகவர் அவசரப்படுத்தினால் அந்தக் காணியை அவர்களே வாங்கட்டும். அப்பகுதியில் நூறு ஏக்கர்கள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.