நீட் போச்சு, இதய ஜெல்லுக்குப் போகலாமா?

அம்மா, "மாரடைப்பு வந்த இதயத்துக்கு ஊசியிலேயே ஜெல் ஏத்துறாங்களாம், வீடியோவில பார்த்துட்டு அதுதான் படிப்பேன்னு என் மகள் அடம்பிடிக்கிறா, சென்னையில வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வருட இன்ஜினியரிங் முடித்ததும் அந்த வேலை கிடைக்காது. பத்து வருடம் பொறுக்க முடியும் என்றால் பேசலாம்.

மாரடைப்பில் செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. அங்கே தழும்பு விழுகிறது, இதயம் மெல்ல விரிந்து பலமிழக்கிறது. அதைத் தடுக்கத்தான் ஜெல். கலிஃபோர்னியாவில் பன்றி இதயத் தசையிலிருந்து செல்களைக் கழுவி நீக்கி, எஞ்சிய புரதத்தை ஊசியில் ஏறும் திரவமாக்கினார்கள். உடல் சூட்டில் அது ஜெல்லாகிவிடும். 2019ல் வெளியான முதல் மனிதச் சோதனையில் 15 பேர்தான், அதுவும் பாதுகாப்பைப் பார்க்க. கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளை வைத்து 300 பேருக்கு மேல் நடந்த சோதனையோ, வெறும் உப்புநீர் ஏற்றியவர்களைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2016ல் முடிந்தது. வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்!

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்தால் இங்கே முதலில் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு, கருவி விற்பனை, இல்லையென்றால் ஐ.டி. நல்ல வேலைகள்தான், உங்கள் மகள் கேட்பது அதில்லை. ஜெல் செய்ய பாலிமர் வேதியியலும் செல் உயிரியலும் வேண்டும். அதனால் கெமிக்கல், பயோடெக், பயோமெடிக்கல் எதில் சேர்ந்தாலும் சரி, அவளுக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங் கட்-ஆஃபில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50; பயாலஜி மார்க் சேராது. நீட்டையே நினைத்துப் படித்த பிள்ளைகள் பலர் கணக்கில் கோட்டைவிடுகிறார்கள்.

பிறகு எம்.டெக்., பிஎச்.டி. இதற்குச் சென்னை நல்ல ஊர். இந்த மாதிரி ஜெல்லுக்கு அடிப்படையான கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருள் வடிவத்தை 1954ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கொலாஜனை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது, எதிரிலேயே ஐ.ஐ.டி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், உள்நாட்டு இதய வால்வு அங்கே உருவானதுதான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். வீட்டுக்குப் பாரமாக இருக்க மாட்டாள், ஆனால் இருபத்தெட்டு வயதிலும் மாணவிதான். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தரும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கோடு வாருங்கள். அவளையும் கூட்டி வாருங்கள், நீங்கள் மட்டும் வந்தால் போதாது.