“இன்னும் இரண்டு வீடுகள்தான் மீதம்”

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகத் தாம்பரம் பக்கம் அடுக்குமாடி வீடு தேடுகிறோம். சென்ற ஆண்டு பிடித்திருந்த ஒரு வீட்டை, யோசித்துச் சொல்கிறோம் என்று தள்ளிப்போட்டதில் வேறொருவர் வாங்கிவிட்டார். இப்போது பார்த்திருக்கும் புதுக் குடியிருப்பில், இன்னும் இரண்டு வீடுகள்தான் மீதம், ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார்கள். என் தயக்கம் நிதானமா, பயமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: சகோதரி, பின்னால் வருந்த நேருமோ என்ற அச்சம்தான் சென்ற ஆண்டு உங்களைத் தயங்க வைத்தது, இன்று பதற வைப்பதும் அதுவே. ஒரு தொகை கைக்கு வரும் மகிழ்ச்சியைவிட அதே தொகை கைவிட்டுப் போகும் வலி பெரிது என்பதை உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 1975இல், ஸ்டீபன் வொர்ச்செல் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் குழுவினரோடு ஓர் ஆய்வு செய்தார். ஒரே பிஸ்கட்டைச் சிலருக்குப் பத்து இருந்த ஜாடியிலிருந்தும், சிலருக்கு இரண்டே இருந்த ஜாடியிலிருந்தும் கொடுத்தபோது, இரண்டு இருந்த ஜாடியின் பிஸ்கட்டையே அதிகம் விரும்பினார்கள். பத்தாக இருந்தது இரண்டாகக் குறைந்தபோது விருப்பம் இன்னும் கூடியது. ஆனால் அதன் ருசி உயர்ந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. விற்பனை அலுவலக மேசையில் விரித்துக் காட்டும் வரைபடத்தில், விற்றுப்போன வீடுகளின்மேல் வைத்த சிவப்புப் பொட்டுகளும் இப்படித்தான் ஆசையைக் கூட்டுகின்றன. சமையலறைக்கு அதனால் கூடுதல் வெளிச்சம் வருவதில்லை.

மீதம் உண்மையிலேயே இரண்டுதானா என்பதையும் விசாரிக்கலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்த திட்டத்தில் எத்தனை வீடுகள் முன்பதிவாகியிருக்கின்றன என்பதைக் கட்டுநர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் அவருக்கு உரிமையில்லை.

உங்கள் தயக்கத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரா, மாதத் தவணை போக வீட்டுச் செலவுக்கு எவ்வளவு மிஞ்சும், கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பவையெல்லாம் பதில் உள்ள கேள்விகள். அவற்றுக்காகத் தாமதிப்பது நிதானம். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் அடுத்த தெருவில் இதைவிட நல்லது இருக்குமோ என்று மனம் அலைந்தால், அதுதான் பயம். வாடகை கொடுத்துக்கொண்டே அதற்காக இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை மாலை வீட்டாரோடு உட்கார்ந்து அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை போகும்போது காசோலைப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.