பீட்டில் மாடலில் அடித்த பெயிண்ட் ஏன் வெளுக்கிறது?

1/24 அளவு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் மாடலின் பாடிக்குக் கறுப்பு லாக்கர் (வேகமாக உலரும் பெயிண்ட்) ஸ்பிரே அடித்தால் பால் படர்ந்த மாதிரி வெளுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் நம் ஊர் ஈரக்காற்று. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும்; காற்றின் ஈரம் அங்கே படிந்து சிக்கிக்கொள்ளும்.

சிங்கப்பூரில் விடிகாலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். அதனால் மதியத்துக்கு மேல், மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். வானம் இருட்டினால் அன்றைக்கு வேண்டாம். அந்த உருண்ட கூரையில் பளபளப்பு கெட்டால் பீட்டிலே கெட்டமாதிரி. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் சிறு கருவி) இருந்தால், ரிடார்டர் என்ற உலர்வைத் தாமதிக்கும் பொருள் கலந்த தின்னர் (பெயிண்டை இளக்கும் கரைப்பான்) வாங்குங்கள், மெதுவாக ஆவியாகும்.

சரி, ஏற்கெனவே வெளுத்த பாடி? தூக்கிப் போடாதீர்கள். வெயில் நாளில் அதே தின்னரை மிக லேசாகத் தூவினால் பூச்சு இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் கறுப்பு திரும்பிவிடும்.