தலைமைப் பொறுப்பைப் பகிர்ந்தால் ஆசிரியர்கள் ஒன்றுபடுவார்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதிப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் பொறுப்புகளைப் பிரித்துத் தரப்போகிறார், இதனால் ஆசிரியர்களுக்கு நிறைவு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும், வேலையோடு அதிகாரமும் கைமாறினால்.

பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி, பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய 2013 டாலிஸ் ஆய்வில், பள்ளி முடிவுகளில் பங்கு பெறுவதாகச் சொன்ன ஆசிரியர்களே வேலையில் அதிக நிறைவையும் தெரிவித்தார்கள். ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு: தேர்வு மேற்பார்வை, விளையாட்டு விழா, படிவம் நிரப்புதல் எல்லாம் ஆசிரியர் தலையில், கால அட்டவணையும் பணமும் அலுவலக அறையில். இதைப் பகிர்வு என்று சொல்வதே தப்பு. எரிச்சல்தான் மிஞ்சும்.

முதலில் ஒரே வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு பொது ஓய்வுப் பாடவேளை ஒதுக்குங்கள். அது இல்லாமல் கூட்டுழைப்பு பேச்சோடு நின்றுவிடும். வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பு எடுக்க அந்த நேரத்தை வெட்டக் கூடாது. பெரும்பாலும் குலைவது இங்கேதான். தமிழாசிரியர் தனி ஆளாக இருந்தால் ஜூலு, ஆப்பிரிக்கான்ஸ் ஆசிரியர்களோடு மொழிக்குழுவில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, எதை யார் முடிவு செய்வார், யாரிடம் கருத்து மட்டும் கேட்கப்படும் என்பதை எழுதி ஒட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 பள்ளிச் சட்டப்படி கல்வி நிர்வாகப் பொறுப்பு தலைமையாசிரியருடையது. பகிர்ந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். துறைத் தலைவர்களின் முடிவை அவர் மாற்றினால் காரணத்தை அந்த வாரமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.