பெரியப்பாவின் பழைய புத்தகங்களை அரிய நூல் சந்தைக்கு எடுத்துப் போகலாமா?

கேள்வி: எங்கள் பெரியப்பா நிறையப் படிப்பவர். அவர் காலமான பிறகு அவருடைய புத்தகங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில நூல்கள், படங்களும் வரைபடங்களும் உள்ள பயண நூல்கள், முதல் பதிப்பு என்று போட்ட நாவல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் ஒரே புத்தகத்துக்கு ஒருவர் சொற்ப விலை போட்டிருக்கிறார், இன்னொருவர் மலைக்கவைக்கும் விலை போட்டிருக்கிறார். அரிய நூல் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார் நண்பர். போகலாமா? போனால் எப்படி விற்பது?

பதில்: கட்டாயம் போங்கள். முதல் தடவை மட்டும் பெட்டிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, கையில் ஒரு பட்டியலும் போனில் சில படங்களுமாகப் போங்கள். சந்தையில் ஸ்டால் போட்டிருப்பவர்கள் வாடகை கட்டி விற்க வந்தவர்கள். அவர்கள் வாங்கவும் செய்வார்கள்தான். ஆனால் அந்தக் கொள்முதலில் பெரும்பகுதி வாசல் திறப்பதற்கு முன்பே, புத்தகங்களை அடுக்கும் நேரத்தில், வியாபாரிகளுக்குள்ளேயே முடிந்துவிடும். முதல் நாள் கூட்டத்துக்கு நடுவே பெட்டியோடு போய் நின்றால், அவசரமாகப் பார்த்து அவசரமாகச் சொல்லும் விலைதான் கிடைக்கும். சந்தையை முதலில் கண்ணைப் பழக்கிக்கொள்ளும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை அப்புறம்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. பழசாக இருந்தால் விலை போகும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் கூட்டன்பர்க் 1455 வாக்கில் பைபிளை அச்சிட்டார். அங்கிருந்து 1500-ஆம் ஆண்டு முடிவதற்குள் அச்சான நூல்களிலேயே சுமார் 30,000 பதிப்புகள் இன்று பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதற்கடுத்த நூற்றாண்டுகளில் அச்சானவற்றுக்குக் கணக்கே இல்லை. முந்நூறு வருடப் பழமையுள்ள பிரசங்கத் தொகுப்பு ஒன்றுக்கு உலகத்தில் நான்கைந்து பிரதிகளே மிஞ்சியிருக்கலாம். கேட்க ஆள் இல்லாவிட்டால் அதற்கு விலை இல்லை. இன்னொரு பக்கம், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டு ஃபோலியோவுக்கு (பெரிய அளவுத் தாளில் அச்சான தொகுப்பு) 230-க்கும் மேற்பட்ட பிரதிகள் இருப்பதாகத் தெரியும். இந்த வியாபாரத்தில் அது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனாலும் அதில் ஒரு பிரதி 2020-இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறக்குறைய ஒரு கோடி டாலருக்குப் போனது. எத்தனை பிரதி மிஞ்சியது என்பதோடு, எத்தனை பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குடும்ப பைபிள், பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகள், பள்ளியில் பரிசாகக் கொடுத்த தோல் அட்டைப் புத்தகங்கள், தொகுதி தொகுதியாக வந்த 'முழுப் படைப்புகள்' எல்லாம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பெரும்பாலும் விலை போகாது.

அடுத்து, 'முதல் பதிப்பு' என்று உள்ளே போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அதே பதிப்பின் ஐந்தாம் அச்சிலும் அந்த வரி இருக்கலாம். சேகரிப்பவர்கள் தேடுவது முதல் பதிப்பின் முதல் அச்சை. பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 என்று இறங்கும் ஓர் எண் வரிசை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு மறு அச்சுக்கும் கடைசி எண்ணை எடுத்துவிடுவார்கள். 1 இருந்தால் பொதுவாக முதல் அச்சு. 1997-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் புத்தகத்தின் கெட்டி அட்டை முதல் அச்சு 500 பிரதிகள்தான். அதில் எண் வரிசை 1 வரை இறங்கும். 53-ஆம் பக்கத்துப் பொருள் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை அச்சாகியிருக்கும். எண் வரிசை இல்லாத பழைய நூல்களில் இப்படிப்பட்ட அச்சுப் பிழைகளே அடையாளம். டார்வினின் 1859-ஆம் ஆண்டு உயிரினத் தோற்ற நூல் முதலில் 1,250 பிரதிகள் அச்சானது. அதன் 20-ஆம் பக்கத்தில் 'ஸ்பீசிஸ்' என்ற சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு பெரிய எழுத்தாளருக்கும் இந்த விவரங்களைத் தொகுத்த நூற்பட்டியல்கள் உண்டு. பெரிய நூலகங்களில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். புத்தகக் கழகங்கள் சந்தாதாரர்களுக்காக அச்சிட்ட பதிப்புகள் முதல் பதிப்பைப் போலவே இருக்கும். அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் காகித மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மேலுறை என்றதும் சொல்லியாக வேண்டும். கிழிந்திருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் விலையின் பெரும்பங்கு அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. வாங்கிய கையோடு மேலுறையை எறிந்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம் என்பதால் மிஞ்சியவை கொஞ்சம். 1925-இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் அச்சு மேலுறையோடு இருந்தால், அது இல்லாத பிரதியைவிடப் பல மடங்கு போகும். மேலுறையின் பின்பக்கத்தில் நாயகன் பெயரின் முதல் எழுத்து சிறிய எழுத்தாக அச்சாகிவிட, அதைக் கையால் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள் வாங்குபவர்கள்.

உங்களிடம் உள்ளவற்றில் எனக்கு அதிக ஆவலைத் தருபவை பயண நூல்கள்தான். அதிக ஏமாற்றம் காத்திருப்பதும் அவற்றில்தான். படத்தாள்களையும் மடிப்பு வரைபடங்களையும் பிளேடால் வெட்டி, சட்டம் போட்டு விற்பது நெடுங்காலமாக நடக்கிறது. நூலின் தொடக்கத்தில் படங்களின் பட்டியல் இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு படமாகச் சரிபாருங்கள். அனுபவமுள்ள வியாபாரி இதை எப்படிச் செய்கிறார் என்று சந்தையில் பக்கத்தில் நின்று பாருங்கள். முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்க மாட்டார். இருபுறமும் உள்ள புத்தகங்களை லேசாக உள்ளே தள்ளி, நடுமுதுகைப் பிடித்து எடுப்பார். உள்ளங்கையில் பாதியளவு மட்டும் விரித்து, அட்டை முதுகோடு சேரும் மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் பக்கங்கள் தையலோடு சேரும் இடுக்கை ஒவ்வொன்றாக நோக்குவார். வெட்டிய தாளின் அடிக்கட்டை விரற்கடை அகலத்துக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சில தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். பூச்சி அரித்த துளையை அடைத்திருந்தால், அழித்த நூலக முத்திரையின் மிச்சம் இருந்தால், அப்போது தெரிந்துவிடும். இதற்கெல்லாம் கையுறை தேவையில்லை. கழுவி நன்றாகத் துடைத்த கைதான் நல்லது. கையுறை போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கிழியும்.

இணையத்தில் பார்த்த அந்த மலைப்பான விலை ஒருவர் கேட்கும் விலை. விற்ற விலை என்று அதற்கு அர்த்தமில்லை. பல வருடமாக விற்காமல் கிடக்கும் பிரதிதான் தேடும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும். மறுபதிப்புகளும் வேண்டும்போது அச்சிட்டுத் தரும் நகல்களும் அதே பட்டியலில் கலந்திருக்கும். பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளைத் தங்கள் தளங்களிலேயே வெளியிடுகின்றன. உங்கள் புத்தகத்தின் அதே அச்சு, அதே நிலையில், சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று அங்கே பாருங்கள்.

சரி, இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது சந்தை எதற்கு? புத்தகத்தின் நிலையைப் படம் முழுதாகச் சொல்லாது. ஆங்கில விற்பனைக் குறிப்புகளில் 'குட்' என்று தரம் போட்டிருந்தால் நன்றாக அடிபட்ட பிரதி என்று கொள்ள வேண்டும். அதற்கு மேலே 'வெரி குட்', 'ஃபைன்' என்று படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளுக்கு நடுவே உள்ள தூரம் நேரில் பார்த்தால்தான் மனதில் பதியும். அதைவிட முக்கியமானது, உண்மைப் பிரதி எப்படி இருக்கும் என்று கைக்கும் கண்ணுக்கும் பழகுவது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமென்றால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய ஒரு தடம் இருக்கும். ஸ்டால்காரரைக் கேட்டுவிட்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள், அந்தப் பள்ளம் தட்டுப்படும். பிற்கால ஆஃப்செட் நகலில் அது இருக்காது. லென்ஸ் வைத்தால் வெறும் புள்ளிகளாகத் தெரியும். நாள் முழுக்க நாற்பது ஸ்டால்களில் இப்படிப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் இருக்கும் பயண நூலை நீங்களே எடுத்து ஒரு முடிவுக்கு வரலாம்.

தாளையும் அச்செழுத்தையும் கூர்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு இந்தத் துறையின் ஒரு வழக்கையே சொல்லலாம். 1934-இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள், பெரும் மதிப்போடு விற்கப்பட்டுவந்த சில பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறு நூல்கள் போலி என்று நிறுவினார்கள். 1847-இல் அச்சானதாகப் போட்டிருந்த ஒரு கவிதை நூலின் தாளில் ரசாயன மரக்கூழ் இருந்தது. அப்படிப்பட்ட தாள் இங்கிலாந்தில் 1870-களுக்கு முன் புழக்கத்திலேயே இல்லை. அச்செழுத்தின் வடிவமும் பிற்காலத்தியது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய சேகரிப்பாளர்களில் ஒருவரான தாமஸ் வைஸ்தான் இதற்குப் பின்னால் இருந்தார். எனக்கு இந்தத் தொழில் மேல் உள்ள மரியாதையில் பாதி அந்த இருவரின் பொறுமையால் வந்தது.

சந்தையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஸ்டால் போடுபவர்கள் ஏதாவது சங்கத்தின் உறுப்பினர்களா என்று பாருங்கள். 1947-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய தேசியச் சங்கங்களின் முயற்சியில் உருவானது அரிய நூல் விற்பனையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. குறைகளையும் பழுதுபார்த்த இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், தவறாக விவரித்த நூலைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர வேண்டும் என்று அதற்கு நடத்தை விதிகள் உள்ளன. லண்டன், பாரிஸ், நியூயார்க், ஸ்டட்கார்ட் போன்ற நகரங்களின் பெரிய சந்தைகளில் இந்த உறுப்பினர்களைச் சந்திக்கலாம். ஊர்ச் சந்தைகள் சின்னவை, ஆனால் பேச நேரம் அதிகம் கிடைக்கும். நியூயார்க் சந்தை போன்ற சிலவற்றில், பார்வையாளர்கள் கொண்டுவரும் ஒன்றிரண்டு புத்தகங்களைப் பார்த்து இலவசமாக மதிப்புச் சொல்லும் நேரமும் வைக்கிறார்கள். அப்படி இருந்தால் அன்றைக்கு மட்டும் உங்களுடைய சிறந்த இரண்டு பிரதிகளை எடுத்துப் போங்கள்.

வியாபாரிகளிடம் பேசக் கடைசி நாள் பிற்பகல் தோதானது. கூட்டம் குறைந்திருக்கும், அவர்களும் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள். 'இந்தப் பிரதிக்கு ஏன் இந்த விலை?' என்று மனதாரக் கேட்டால் பதில் சொல்லாதவரை நான் பார்த்ததில்லை. வாங்க ஆள் வந்தால் மட்டும் ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள். பயண நூல்களில் தேர்ந்தவர், நவீன நாவல்களில் தேர்ந்தவர் என்று ஒவ்வொரு வகைக்கும் ஆளைக் குறித்துக்கொண்டு, பட்டியலைக் காட்டி, வீடு திரும்பியதும் படங்களை அனுப்பலாமா என்று கேளுங்கள். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், முதுகு, மேலுறை, கையெழுத்து ஏதாவது இருந்தால் அது, முக்கியமாகச் சேதங்கள் எல்லாவற்றுக்கும் தெளிவான படம் வேண்டும். சேதத்தை மறைத்துப் படம் எடுத்தால் நேரில் பார்த்ததும் விலை இறங்கும், பேச்சும் கசந்துபோகும்.

பணம் பற்றி: கடையில் போடப்போகும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வியாபாரி தர முன்வந்தால் அது ஏமாற்று இல்லை. அவர் அதைச் சரிபார்த்து, விவரம் எழுதி, சில வேளை வருடக்கணக்கில் வைத்திருந்துதான் விற்க வேண்டும். வாங்கக் காத்திருக்கும் ஆள் கைவசம் இருந்தால் இன்னும் அதிகமாகவே தருவார். மிக உயர்ந்த பிரதி என்றால் ஏலத்தை யோசிக்கலாம். அங்கே விற்பவரின் கமிஷன், படக் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்ச விலையைப் பேராசையாக வைத்து, ஏலம் போகாமல் நின்றுவிட்டால், அந்தச் செய்தி துறையில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச காலத்துக்கு அந்தப் பிரதியை மறுபடி விற்பது கஷ்டம். ஒருவர் சிறந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உங்களிடமே விடுவதாகச் சொன்னால், மீதி விலை போகாது என்பதையும் மனதில் வைத்து அந்த நான்குக்குப் பேரம் பேசுங்கள்.

நூலக முத்திரை உள்ள புத்தகங்களைத் தனியே எடுத்து வையுங்கள். நூலகமே கழித்து விற்றதற்கான முத்திரை இருந்தால் சரி. இல்லையென்றால் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நேர்மையான வியாபாரி எவரும் அந்தப் பதில் இல்லாமல் தொட மாட்டார். வெளிநாட்டில் விற்பதாக இருந்தால் பழைய நூல்களை நாட்டை விட்டு அனுப்ப அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். பல நாடுகளில் தேவை.

இதெல்லாம் முடியும்வரை புத்தகங்களுக்கு எதுவும் செய்யாதீர்கள். செல்லோ டேப் வேண்டாம். புதிதாக பைண்டிங் போட வேண்டாம். முதல் பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதிய பெயரை அழிக்க வேண்டாம். அது நூலாசிரியர் தன் நண்பருக்கு எழுதிக் கொடுத்த வரியாக இருந்தால் மொத்த விலையும் அதில்தான். தாள்களுக்கு நடுவே பெரியப்பாவோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ செருகிய கடிதம், தபால் அட்டை, கப்பல் பயணச் சீட்டு ஏதாவது இருந்தால் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு அங்கேயே விட்டுவையுங்கள். புத்தகம் யாருடையதாக இருந்தது என்பதற்கு அது சான்றாகலாம், அந்தத் துண்டுக் காகிதத்துக்கென்றே வாங்குபவர்களும் உண்டு. பட்டியலைத் தயாரிக்கும்போது அவற்றுக்கும் தனி வரி ஒதுக்குங்கள்.