கேட்டது கிடைக்கலன்னா கடவுள எப்படி நம்புறது?

எத்தனையோ நாள் ஜெபம் பண்ணியும் வேலை கிடைக்கல, வியாதி சரியாகல, இதுக்கு மேல எப்படி நம்புறதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நம்புறதுன்னா நான் கேட்டத கண்டிப்பா குடுத்துருவாருன்னு அடிச்சு சொல்றது இல்லங்க, குடுக்கலன்னாலும் அவரு என்னைய கைவிடலன்னு அவர்கிட்டயே நிக்கிறது, அவ்ளோதான்.

ஏன்னா நமக்கு இன்னைக்கு வலிக்கிறது மட்டும்தான் தெரியுது, முழுசும் தெரிஞ்சவரு அவரு. ஆனா இதயே சொல்லி அழுறவங்க வாய அடைக்கிறாங்க பாருங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. பைபிள்ல 13ஆம் சங்கீதமே (சங்கீதம்னா கடவுள்கிட்ட பாடுற பாட்டு) என்னைய எதுவரைக்கும் மறந்திருப்பீருன்னு கேட்டுதான் ஆரம்பிக்குது, மொத்தமே 6 வசனம், கடைசில அத பாடுறவரு உம்ம கிருபைய நம்பியிருக்கேன்னு பாடிடுறாரு, நடுவுல அவர வாட்டுன எதிரி ஒழிஞ்சான்னு ஒரு வரி கூட கிடையாது.

ஊசி போடும்போது குழந்தைய கவனிச்சிருக்கீங்களா? வேணாம் வேணாம்னு கத்தும், ஆனா கத்திக்கிட்டே, தன்னை அழுத்தி புடிச்சிருக்குற அதே அம்மா கழுத்ததான் இறுக்கி கட்டிக்கும். கோவமும் இருக்கு, நம்பிக்கையும் இருக்கு, ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாம்.

அப்புறம் விசுவாசம் கம்மியா இருந்தாதான் ஜெபத்துக்கு பதில் வராதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க, அது தப்புங்க, இயேசுவ பத்தி ஊர் ஊரா சொன்ன பவுலே தன்னோட முள்ளு (தன்னை வாட்டுன ஒரு வேதனைய அப்படி சொல்றாரு) நீங்கணும்னு 3 தடவ வேண்டிக்கிட்டாரு, அது போகல, என் கிருபை உனக்கு போதும்னுதான் பதில் வந்துச்சு (2 கொரிந்தியர் 12), அதுக்காக பவுலுக்கு விசுவாசம் பத்தலன்னு யாராவது சொல்வாங்களா?